ஐந்து நாள் வெறுங்கம்பம்: 1997-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கொடி

1997 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் நடந்த கார் விபத்தில் இளவரசி டயானா இறந்துவிட்டார் என்ற செய்தியோடுதான் அன்று லண்டனுக்குப் பொழுது விடிந்தது. அரசுக் கட்டடங்களில் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மக்கள் பூங்கொத்துகளோடு கிளம்பினார்கள். பலர் டயானா வாழ்ந்த கென்சிங்டன் அரண்மனைக்குப் போனார்கள். பலர் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். பூவை வைத்துவிட்டு நிமிர்ந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அரண்மனை உச்சியில் கொடிக்கம்பம் இருந்தது, கொடி இல்லை. அரைக்கம்பத்திலும் இல்லை, முழுக்கம்பத்திலும் இல்லை.

அடுத்த சில நாட்களில் அந்த வெறுங்கம்பம் நாடு முழுக்கப் பேச்சானது. அரச குடும்பத்தின் மீது எழுந்த கோபத்துக்கு அதுவே அடையாளமானது. இத்தனைக்கும் அரண்மனை ஊழியர்கள் விதிப்படி ஒரு தவறும் செய்யவில்லை. நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். யாரோ ஒருவர் கொடியை ஏற்ற மறந்துவிட்டார் என்றால் அது சாதாரண அலுவலகத் தவறு, திருத்திவிட்டுப் போய்விடலாம். இங்கே எல்லோரும் விதியைச் சரியாகப் பின்பற்றினார்கள். பின்பற்றியதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. பொதுக் கட்டடங்களில் துக்கத்துக்காகக் கொடி இறக்குவது எதற்காக, அது யாரிடம் பேசுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியாது.

கம்பத்தின் விதி

பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பத்தில் அதுவரை பறந்தது ஒரே ஒரு கொடிதான். அது நாட்டின் கொடி அல்ல, முடியின் கொடி. சிங்கங்களும் யாழும் வரைந்த அரசக் கொடி. அது பறந்தால் ஆட்சியிலிருக்கும் அரசரோ அரசியோ அரண்மனைக்குள் இருக்கிறார் என்று பொருள். அவர் வெளியே போனால் கொடி இறங்கிவிடும், கம்பம் காலியாக நிற்கும். துக்கம், மகிழ்ச்சி எதையும் சொல்வது அந்தக் கொடியின் வேலை அல்ல. அது சொல்வது இருப்பை மட்டும்தான்: இருக்கிறார், இல்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது விதி இன்னும் ஆழமானது. அரசக் கொடி ஒருபோதும் அரைக்கம்பத்துக்கு இறங்காது. அரசரே இறந்தாலும் இறங்காது. ஏனென்றால் பிரிட்டிஷ் மரபில் அரியணை ஒரு நொடிகூடக் காலியாக இருப்பதில்லை. ஒருவர் மூச்சு நின்ற அதே கணத்தில் அடுத்தவர் அரசராகிவிடுகிறார். ஆள் இறக்கலாம், முடி இறப்பதில்லை. முடியின் கொடியைத் தாழ்த்தினால் ஆட்சியே அறுபட்டுவிட்டது என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

அந்த வாரம் எலிசபெத் அரசி ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் இருந்தார். டயானாவின் மகன்கள் வில்லியமும் ஹாரியும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவருக்கு 15 வயது, இன்னொருவருக்கு 12. அரசி லண்டனில் இல்லை, ஆகவே பக்கிங்ஹாமில் கொடி இல்லை. அவர் இருந்திருந்தாலும் கொடி உச்சியில்தான் பறந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டயானாவுக்கும் இளவரசர் சார்லஸுக்கும் 1996 ஆகஸ்ட் 28 அன்று மணமுறிவு முடிந்திருந்தது. அதோடு 'ஹெர் ராயல் ஹைனஸ்' என்ற அரச விளிப்புப் பட்டத்தையும் டயானா இழந்திருந்தார். அரச குடும்பத்தில் பிறந்தவரும் அல்ல, இப்போது மருமகளும் அல்ல, ஆனால் வருங்கால அரசரின் தாய். இப்படி ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. இறுதி ஊர்வலத்துக்கே திட்டம் இல்லாமல், அரசியின் தாயாருக்காக முன்கூட்டி வகுத்து வைத்திருந்த திட்டத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, சில நாட்களில் அதை மாற்றி அமைத்தார்கள்.

இறக்குவது என்றால் என்ன

இங்கே சற்று நின்று, கொடியை இறக்கும் செயலையே பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் வாசலில் நின்றவர்களின் கோபம் புரியும்.

இந்த வழக்கம் கடலிலிருந்து வந்தது. பதிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய செய்தி 1612-ஐச் சேர்ந்தது. 'ஹார்ட்ஸ் ஈஸ்' என்ற ஆங்கிலேயக் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் ஹால் கிரீன்லாந்தில் கொல்லப்பட்டார். கப்பல் தன் துணைக் கப்பலைச் சந்திக்கப் போனபோது தலைவனின் மரணத்தைச் சொல்லும் விதமாகக் கொடியைத் தாழ்த்தியிருந்தது. கடலில் அதற்கு நல்ல தேவை இருந்தது. கத்தினால் கேட்காத தூரத்திலிருந்தே எதிரே வரும் கப்பலுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஏறிப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த நாள் முதல் இந்த நாள் வரை தாழ்த்திய கொடியின் வேலை அதுவே: கேட்காமலே தெரிய வேண்டும்.

செய்முறை எளிது, ஆனால் அதிலேயே ஒரு அர்த்தம் இருக்கிறது. கொடியை நேராகப் பாதிக் கம்பத்துக்கு ஏற்றி அங்கேயே கட்டிவிடக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்ற வேண்டும். ஒரு கணம் அங்கே நிற்க வேண்டும். அப்புறம்தான் மெதுவாகத் தாழ்த்த வேண்டும். மாலையில் இறக்கும்போதும் அப்படியே, மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது ஒன்றுபோலவே இருக்கிறது. உச்சிக்குப் போய் வந்தால்தான் அது தாழ்த்தியது ஆகும். இல்லையென்றால் அது அரைகுறையாக ஏற்றியது.

எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. நம் சொல்லே 'அரைக்கம்பம்' என்பதால் சரிபாதி என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்பும் உச்சிக்கும் கம்பத்தைத் தாங்கும் இழுகயிறு கட்டிய இடத்துக்கும் நடுவே பாதி தூரம், அந்தக் கயிறு இல்லாவிட்டால் கம்பத்தின் பாதி என்றுதான் சொல்கிறது. பிரிட்டனில் கம்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நிற்கும். கொடிக்கு மேலே குறைந்தது ஒரு கொடியின் உயரமாவது காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலியிடம்தான் பார்வையாளருக்குச் செய்தி. கயிறு தளர்ந்து வழுக்கிய கொடி என்று யாரும் தவறாக நினைக்காத அளவு இடைவெளி வேண்டும். சுவரிலிருந்து சாய்வாக நீட்டியிருக்கும் கம்பத்தில் கொடியைத் தாழ்த்தினால் ஒன்றும் தெரியாது, துணி சுவரில் உரசும். அதற்குப் பிரிட்டிஷ் வழிகாட்டலில் மாற்று இருக்கிறது: செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாய்ந்த கம்பமென்றால் அரைக்கம்பம் வேண்டாம், மேலே கறுப்பு நாடா கட்டினால் போதும்.

கவனித்தால், துக்கத்துக்காகத் தாழ்த்த முதலில் கொடி ஒன்று மேலே இருக்க வேண்டும். வழக்கமாகக் கொடி பறக்காத கட்டடத்திலும் துக்க நாளன்று புதிதாகக் கொடியை ஏற்றித் தாழ்த்துவார்கள். 1997-இல் பிரிட்டிஷ் அரசுக் கட்டடங்கள் பலவும் அப்படித்தான், ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே கொடி ஏற்றுபவை. அவை டயானாவுக்காக ஏற்றித் தாழ்த்தின. அந்த வழி பக்கிங்ஹாமுக்கு மட்டும் அடைபட்டிருந்தது. அங்கே ஏற்ற அனுமதி இருந்த ஒரே கொடி, தாழ்த்தக் கூடாத கொடி.

ஞாயிறு முதல் வியாழன் வரை

முதல் இரண்டு நாள் யாரும் கம்பத்தைப் பெரிதாகப் பேசவில்லை. அதிர்ச்சி அடங்க வேண்டுமல்லவா. டயானாவின் உடல் ஞாயிறு மாலையே நார்த்ஹோல்ட் விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இரங்கல் பதிவேடுகள் வைத்தார்கள். கையெழுத்திட மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பக்கிங்ஹாம் வாசல் கம்பிக் கதவுகளுக்கு முன்னால் பூக்கள் குவிந்துகொண்டே போயின.

நாள் ஆக ஆக வரிசையில் நின்றவர்களுக்குள் ஒரு கேள்வி வளர்ந்தது. கடைகள், தேவாலயங்கள், அலுவலகங்கள் என்று ஊரே கொடியைத் தாழ்த்தியிருக்கிறது. இந்தப் பெண்ணின் புகுந்த வீடு மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை? அரண்மனைத் தரப்பு விளக்கம் தந்தது. அரசி ஊரில் இல்லை, ஆகவே கொடி இல்லை, அரசக் கொடி தாழ்வதில்லை என்றார்கள். விளக்கம் முழுக்க உண்மை. ஆனால் அது கோபத்தைத் தணிக்கவில்லை, கூட்டியது. துக்கத்தில் நிற்பவரிடம் 'எங்கள் வீட்டு வழக்கம் இப்படி' என்று சொன்னால் அவருக்கு அது எப்படிக் கேட்கும்? 'உன் துக்கத்தைவிட எங்கள் வழக்கம் பெரிது' என்றுதான் கேட்கும்.

செப்டம்பர் 4, வியாழக்கிழமை, நாளிதழ்கள் வெளிப்படையாகவே கேட்டன. 'சன்' இதழின் முதல் பக்கம், 'எங்கள் அரசி எங்கே? அவர் கொடி எங்கே?' என்றது. அரசியும் கொடியும் அங்கே ஒரே மூச்சில் வந்ததைப் பாருங்கள். விதிப்படி இரண்டும் ஒன்றுதான், கொடி இல்லை என்றால் அரசி இல்லை. மக்களும் அதையே சொன்னார்கள், ஆனால் வேறு பொருளில். வெறுங்கம்பம் 'அரசி ஊரில் இல்லை' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. மக்கள் அதை 'அரசி நம்மோடு இல்லை' என்று படித்தார்கள்.

அன்றே அரண்மனைச் செய்தித் தொடர்பாளர் வெளியே வந்து ஓர் அறிக்கை படித்தார். நாட்டின் துயரத்தில் அரச குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு அவர்களைப் புண்படுத்தியிருக்கிறது என்றது அது. குடும்பத்தின் பக்கம் நியாயம் இருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். தாயை இழந்த இரண்டு பிள்ளைகளைக் கூட்டத்திலிருந்தும் கேமராக்களிலிருந்தும் விலக்கி மலைப்பக்கம் வைத்திருந்தார்கள். எந்தப் பாட்டியும் அதைத்தான் செய்வார். அரசி பால்மோரலில் தங்கியது தவறு என்று நான் நினைக்கவில்லை. தங்கியவரின் அக்கறையைச் சொல்ல லண்டனில் ஒரு கொடியாவது இருந்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத்தான் அரைக்கம்பம் என்ற ஒன்றே இருக்கிறது. ஆள் வர முடியாத இடத்தில் ஆளுக்குப் பதிலாகத் துக்கத்தில் நிற்பது அது.

வெள்ளி, சனி

வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 5, அரசி லண்டன் திரும்பினார். அரண்மனை வாசலில் காரை நிறுத்தி இறங்கினார், பூக்களைப் பார்த்தார், மக்களிடம் பேசினார். அவர் உள்ளே நுழைந்ததும் அரசக் கொடி ஏறியது, வழக்கம்போல் உச்சிவரை. அன்று மாலை தொலைக்காட்சியில் நேரலையில் பேசினார். அரசியாகவும் பாட்டியாகவும் பேசுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை இறுதி ஊர்வலம். டயானாவின் பெட்டி அரண்மனையைக் கடந்தபோது அரசி குடும்பத்தோடு வாசலுக்கு வெளியே வந்து நின்று தலை தாழ்த்தினார். பிறகு இறுதி வழிபாடு நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குப் புறப்பட்டார். அவர் அரண்மனையை விட்டுக் கிளம்பியதும் அரசக் கொடி இறங்கியது. விதிப்படி அடுத்து வர வேண்டியது வெறுங்கம்பம். அதற்குப் பதிலாக யூனியன் கொடி ஏறியது. உச்சியைத் தொட்டு, அரைக்கம்பத்துக்குத் தாழ்ந்தது.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். எடுத்தவர்கள் நிதானமாக யோசித்திருக்கிறார்கள். எதிரே இருந்த வழிகள் இரண்டாகத் தெரிந்தன. ஒன்று, மரபைக் காத்து மக்களை இழப்பது. மற்றது, அரசக் கொடியைத் தாழ்த்தி மக்களைத் திருப்திப்படுத்துவது. கூட்டத்தின் நெருக்கடியில் இரண்டாவதைச் செய்திருந்தால் பல நூற்றாண்டுப் பொருள் ஒரே நாளில் அழிந்திருக்கும். அடுத்த அரசர் இறக்கும்போது முடியின் கொடி என்ன செய்யும் என்ற கேள்வியும் எழுந்திருக்கும். அவர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டார்கள். அரசக் கொடியைத் தொடவே இல்லை. இருப்பைச் சொல்லும் கொடி ஒன்று, துக்கத்தைச் சொல்லும் கொடி இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். அரசி உள்ளே இருந்தால் முடியின் கொடி. இல்லாதபோது நாட்டின் கொடி, அது தாழலாம்.

அந்த ஏற்பாடு அன்றோடு முடியவில்லை, வழக்கமாகவே ஆகிவிட்டது. இப்போது அரசர் இல்லாத நாட்களில் பக்கிங்ஹாமில் யூனியன் கொடி பறக்கிறது. வெறுங்கம்பம் என்ற ஒன்றே அங்கே போய்விட்டது. 2001 செப்டம்பரில் நியூயார்க் தாக்குதலின்போதும், 2002-இல் அரசியின் தாயார் மறைந்தபோதும், 2005 ஜூலையில் லண்டன் குண்டுவெடிப்புகளின்போதும் அந்தக் கொடி அரைக்கம்பத்துக்கு வந்தது. 1997-க்கு முன்பென்றால் இந்த நாட்களிலும், அரசி ஊரில் இல்லாவிட்டால், அதே காலிக் கம்பம்தான் நின்றிருக்கும்.

விதி எங்கே தவறியது

விதி தவறு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. அரசக் கொடி தாழக் கூடாது என்பதற்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது. தவறு வேறு இடத்தில்.

அடையாளம் ஒன்றுக்கு இரண்டு அகராதிகள் இருந்தன. உள்ளே இருந்தவர்களிடம் ஒன்று, வாசலில் நின்றவர்களிடம் ஒன்று. உள்ளே இருந்தவர்களின் அகராதியில் கம்பம் காலியாக இருந்தால் 'அரசி இல்லை', அவ்வளவே. வெளியே இருந்தவர்களின் அகராதி ஊரெங்கும் தாழ்ந்திருந்த ஆயிரக்கணக்கான கொடிகளால் எழுதப்பட்டது. அதன்படி ஒரு மரணம் நடந்த வாரத்தில் எல்லாக் கம்பங்களும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: நீ துக்கத்தில் சேருகிறாயா, இல்லையா? அந்தக் கேள்வி எழுந்த பிறகு பதில் சொல்லாமல் நிற்கக் கம்பத்தால் முடியாது. காலியாக இருப்பதும் பதில்தான். கொடி கூரைக்கு மேலே பறப்பது வெளியே இருப்பவர்கள் பார்க்கத்தானே. அப்படியென்றால் வெளியே இருப்பவரின் அகராதிதான் கடைசியில் செல்லும்.

இதே முடிச்சு வேறு இடங்களிலும் விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 2018 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை, செனட்டர் ஜான் மெக்கெயின் இறந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் இறந்தால் இறந்த நாளும் மறுநாளும் கொடி தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. வெள்ளை மாளிகை அதை அப்படியே செய்தது. திங்கள் காலை கொடி உச்சிக்குப் போய்விட்டது. மெக்கெயினுக்கும் அதிபர் டிரம்புக்கும் இடையே இருந்த பகை ஊரறிந்தது. தலைநகரத்தின் மற்ற இடங்களில் கொடிகள் தாழ்ந்தே இருக்க, வெள்ளை மாளிகையில் மட்டும் அது உயர்ந்து நின்றதை மக்கள் பகையின் நீட்சியாகத்தான் படித்தார்கள். முன்னாள் படைவீரர் அமைப்புகள் வெளிப்படையாகக் குறை சொன்னதும் அன்று பிற்பகலே கொடி மீண்டும் இறங்கியது, அடக்கம் முடியும் வரை என்ற ஆணையோடு. பக்கிங்ஹாமில் கேட்டது போலவே இங்கும் கேட்டார்கள்: விதி என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மக்கள் எதிர்பார்க்காத இடத்தில் விதி கொடியைத் தாழ்த்தச் சொன்னால்? 2015 ஜனவரி 23 அன்று சவூதி மன்னர் அப்துல்லா இறந்தபோது, வெளிநாட்டு மன்னர்களுக்கான நீண்ட நாள் வழக்கப்படி பிரிட்டிஷ் அரசுக் கட்டடங்களில் கொடி தாழ்ந்தது. அந்த நாட்டின் மனித உரிமை நிலையைச் சுட்டி, ஆளுங்கட்சியிலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. இதில் நெஞ்சில் தைக்கும் ஒன்று உண்டு: சவூதியின் சொந்தக் கொடி யாருக்காகவும் தாழ்வதில்லை. அதில் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி எழுதியிருக்கிறது, இறைவன் பெயரைத் தாழ்த்தக் கூடாது. மன்னருக்காக ரியாத்தில் அவர் நாட்டுக் கொடி தாழவில்லை, லண்டனில் பிரிட்டிஷ் கொடி தாழ்ந்தது. இரண்டும் மரியாதைதான், இரண்டும் விதிதான்.

யார் யாருக்கு என்ற அட்டவணை

இந்தியாவின் ஏற்பாடு இந்த வகையில் எனக்குப் பிடித்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் கொடிச் சட்டத்தொகுப்பில் யார் இறந்தால் எங்கே தாழ்த்த வேண்டும் என்பது வரி வரியாக இருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் என்றால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவர், தலைமை நீதிபதி என்றால் டெல்லியில். மத்திய கேபினட் அமைச்சர் என்றால் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுவதும். செய்தி பிற்பகலில் வந்தால் என்ன செய்வது என்றுகூட எழுதியிருக்கிறது: மறுநாள் சூரிய உதயத்துக்குள் இறுதிச் சடங்கு முடிந்திராவிட்டால் மறுநாளும் அரைக்கம்பம். எழுதியவர்கள் கொடிக்கயிற்றைப் பிடிக்கும் காவலரை நினைத்து எழுதியிருக்கிறார்கள். மரணம் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு செய்தி வந்தால், மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் பல கட்டடங்களில் முதல் கேள்வி.

துக்கமும் கொண்டாட்டமும் ஒரே நாளில் மோதினால் என்ன என்பதற்கும் அதில் விடை உண்டு. குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், ஜாலியன்வாலா பாக் நினைவாக ஏப்ரல் 6 முதல் 13 வரையிலான தேசிய வாரம் ஆகியவற்றில் கொடி தாழாது. ஒரே விதிவிலக்கு, உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடம். அங்கே மட்டும் தாழும், உடலை எடுத்துச் சென்றதும் அங்கும் உச்சிக்கு ஏறிவிடும். நாட்டின் நாளும் காக்கப்படுகிறது, இறந்தவர் இருக்கும் கூரையும் மதிக்கப்படுகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகும் வரி இது.

இப்படி முன்கூட்டி எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று இறந்தார். அதிபர் ஐசனோவர் 1954-இல் பிறப்பித்த ஆணையின்படி அதிபருக்கும் முன்னாள் அதிபருக்கும் 30 நாள் துக்கம். அந்த 30 நாளுக்குள் 2025 ஜனவரி 20, புதிய அதிபர் பதவியேற்பு நாள், வந்துவிட்டது. தாழ்ந்த கொடிகளுக்குக் கீழே பதவியேற்பதா என்று வாதம் மூண்டது. நாடாளுமன்றக் கட்டடத்தில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கொடியை உயர்த்தி, பிறகு மீண்டும் தாழ்த்த முடிவு செய்தார்கள். முடிவு சரியா தவறா என்பதைவிட, அது கடைசி நேரத்தில், ஒரு கட்சித் தலைவரின் முடிவாகத் தெரியும்படி எடுக்கப்பட்டதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இருப்பவர்களின் சண்டையில் சிக்கியது.

ஆனால் அட்டவணை மட்டும் போதாது. அட்டவணை பதவிகளைத்தான் அறியும், மனிதர்களை அறியாது. 2015 ஜூலை 27 அன்று அப்துல் கலாம் ஷில்லாங்கில் இறந்தபோது அவர் பதவியில் இல்லை. மத்திய அரசு ஏழு நாள் அரசு துக்கம் அறிவித்தது, கொடிகள் தாழ்ந்தன. 2022 பிப்ரவரி 6 அன்று லதா மங்கேஷ்கர் இறந்தபோது இரண்டு நாள் துக்கம். அவர் எந்த அரசுப் பதவி வரிசையிலும் வருபவர் அல்ல. பதவி தராத இடத்தை மக்கள் தந்திருந்தார்கள். அதற்கென்று ஒரு வாசல் திறந்தே இருக்க வேண்டும், அதைத் திறப்பவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1997-இல் லண்டனில் இல்லாமல் போனது அந்த வாசல்தான். டயானாவுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. விதிவிலக்கு கேட்கவும் கொடுக்கவும் வழி தெரியாமல் ஐந்து நாள் போனது.

வேறு ஒன்றும் உண்டு. ஒரு கட்டடம் கொடியைத் தாழ்த்த முடியாத நிலையில் இருந்தால், அதை மரணம் நடந்த பிறகு விளக்கக் கூடாது. பிறகு சொல்லும் எந்த விளக்கமும் சாக்காகவே கேட்கும். சாதாரண நாளிலேயே, யாரும் அழாத நாளிலேயே, இந்தக் கம்பத்தின் பொருள் இது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பால்மோரல், 2022

2022 செப்டம்பர் 8. அதே பால்மோரலில் எலிசபெத் அரசி இறந்தார். செய்தி மாலையில் வெளியானது. பக்கிங்ஹாம் கம்பத்தில் யூனியன் கொடி இருந்தது, அது அரைக்கம்பத்துக்கு இறங்கியது. வாசலில் மழையில் நின்றிருந்த கூட்டம் அண்ணாந்து பார்த்தது. அரசியின் மரணத்தைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து சொன்னது, 1997 வரை அங்கே இடமே இல்லாதிருந்த ஒரு கொடி.

மறுநாள் மன்னர் சார்லஸ் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார். காரை விட்டிறங்கி, பூக்களோடு காத்திருந்தவர்களிடம் கைகுலுக்கிவிட்டு, வாசல் வழியாக நடந்தே உள்ளே போனார். தாழ்ந்திருந்த யூனியன் கொடி இறங்கியது. அரசக் கொடி ஏறியது, உச்சி வரை. நாட்டின் அரசுக் கட்டடங்களில் எல்லாம் கொடிகள் அரைக்கம்பத்தில் இருக்க, தாயை இழந்தவரின் வீட்டில் மட்டும் கொடி முழு உயரத்தில் பறந்தது. 25 ஆண்டுகளுக்கு முன் அதே வாசலில் கேட்ட கேள்வியை இந்த முறை யாரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள், செப்டம்பர் 10 காலை 11 மணிக்கு, புதிய அரசரை அறிவிக்கும் சடங்குக்காக அரசுக் கட்டடங்களின் கொடிகளும் உச்சிக்கு ஏறின. 11-ஆம் தேதி பகல் ஒரு மணி வரை அங்கேயே இருந்தன. பிறகு மறுபடி தாழ்ந்தன.